கடல்நீர்த் தொட்டியில் பாசி சாகும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை, எல்லை தாண்டினால் பாறசாலை, திருவனந்தபுரம் என்று இந்தப் பக்கம் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் தமிழ் ஆட்கள் நிறையப் பேர். பங்குனி வெயில் ஏறும்போது ஒரு தடவை, இடவப்பாதி மழை பிடிக்கும்போது இன்னொரு தடவை, இதே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பாசி என்று நான் சொல்வது கண்ணாடியில் படியும் வழுவழுப்பை அல்ல. காசு கொடுத்து வாங்கி வளர்க்கிறோமே, கீட்டோ, காலர்ப்பா, ஹாலிமெடா, கிராசிலேரியா, அந்தப் பெரிய பாசிகளை.

காலையில் எழுந்து பார்த்தால் காலர்ப்பா முழுக்க வெள்ளையாகி, தண்ணீர் பால் மாதிரி கலங்கிக் கிடக்கிறது. முதலில் என்ன செய்ய?

பாசியை வெளியே எடுங்கள். காரணத்தை மத்தியானம் உட்கார்ந்து யோசிக்கலாம்.

பாசி சம்ப்பில் (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) இருந்தால், மேலே தண்ணீர் தள்ளும் ரிட்டர்ன் பம்ப்பை முதலில் நிறுத்துங்கள். கலங்கல் முழுவதும் மீன் இருக்கும் தொட்டிக்கு ஏறாமல் இருக்கும். மேல் தொட்டியில் வேவ்மேக்கரோ (அலை கிளப்பும் சின்ன பம்ப்) ஏர் ஸ்டோனோ ஓடிக்கொண்டே இருக்கட்டும். வெளுத்த பாசியைக் கையால் வாரினால் கூழாகி விரலிடுக்கில் ஒழுகும்; அந்தக் கூழ்தான் வினை. ட்யூப் போட்டு உறிஞ்சி வாளியில் விடுங்கள், கல் இடுக்கு உட்பட. அடுத்து 25 முதல் 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். புதுத் தண்ணீரின் உப்பும் வெப்பமும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும். ஒரு பையில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் தொங்கவிடுங்கள். ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) கண்டபடி நுரை தள்ளும், கப் ஒரு மணி நேரத்தில் நிறையும். நிறுத்தாதீர்கள், ஊற்றி ஊற்றி வையுங்கள். பிறகு அம்மோனியா டெஸ்ட். மீனுக்கு அன்றும் மறுநாளும் தீனி வேண்டாம். பெரிய மீன் இரண்டு நாள் பட்டினியில் செத்துப்போகாது.

நேற்று ராத்திரி வரை பச்சைப் பசேல் என்று இருந்தது, அண்ணே. ஒரே ராத்திரியில் எப்படி?

காலர்ப்பாவின் குணம் அது. கொடியும் இலையும் வேரும் தனித்தனியாகத் தெரிந்தாலும், உள்ளே தடுப்புச் சுவர் கிடையாது. முழுக்கொடியும் எண்ணற்ற உட்கருக்கள் கொண்ட ஒரே செல். இனப்பெருக்க நேரம் வந்தால் உள்ளே இருப்பதையெல்லாம் இனச்செல்லாக மாற்றி, விடியும் வேளையில் சில நிமிடங்களிலேயே தண்ணீரில் கொட்டிவிடும். மிஞ்சுவது வெறும் தோல். கடலில் அலை அடித்துக்கொண்டு போய்விடும், 200 லிட்டர் தொட்டியில் அது எங்கே போகும்? ஹாலிமெடாவும் இதே இனத்துச் சங்கதிதான். ஆனால் அதன் உடம்பில் சுண்ணாம்பு இருப்பதால் வெள்ளைத் தகடுகளாக அப்படியே நிற்கும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். முந்தின நாளே இலையில் பச்சை நிறம் சீராக இல்லாமல் வலை பின்னியது போலத் திட்டுத் திட்டாகும். நுனிகள் கண்ணாடியாகத் தெளியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேலே சின்னச் சின்னக் காம்புகள் துருத்தி நிற்கும். இதைக் கண்டால் அன்று சாயங்காலமே முழுக்கொடியையும் எடுத்துவிடுங்கள், பாவம் பார்க்க வேண்டாம். ஹாலிமெடாவில் ஒரு விஷயம் மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் அது பச்சையத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் வெளிறித்தான் தெரியும். லைட் போட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் பச்சை திரும்பினால் அது நலமாக இருக்கிறது.

24 மணி நேரமும் லைட் எரிந்தால் காலர்ப்பா இப்படிப் போகாது என்கிறார்களே?

பலரும் அப்படி வைக்கிறார்கள், பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. ஆனால் உத்தரவாதம் இல்லை. உப்பு திடீரென்று மாறினாலோ, வெப்பம் ஏறினாலோ, சத்து தீர்ந்தாலோ லைட் எரியும்போதே போய்விடும். நம் ஊரில் கரண்ட் போகும் ராத்திரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், வாரம் ஒருமுறை ஒரு கைப்பிடி பறித்துப் பழைய கொடியை நீக்கிக்கொண்டே இருப்பதுதான் இதைவிட நம்பகமான வழி.

மீனுக்கு ஆபத்து எதனால்? பாசியில் விஷம் இருக்கிறதா?

காலர்ப்பாவின் சாற்றில் காலர்ப்பினைன் என்ற நச்சுப் பொருள் உண்டு. அதனால்தான் கார்பன் போடச் சொன்னேன். ஆனால் வீட்டுத் தொட்டியில் மீன் சாவது பெரும்பாலும் வேறு இரண்டு காரணங்களால்.

முதலாவது ஆக்சிஜன். அழுகும் பாசியைத் தின்ன பாக்டீரியா பெருகும், அது மூச்சுவிட ஆக்சிஜன் எடுக்கும். கடல்நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 25 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம், 30 டிகிரியில் 6.2. அதிலும் பங்கு போட ஆள் வந்தால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இதைப் பார்த்தால் டெஸ்ட் கிட் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், ஏர் பம்ப்பைப் போடுங்கள்.

இரண்டாவது அம்மோனியா. நாள்பட்ட தொட்டியில் அம்மோனியா பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும். 0.25 பி.பி.எம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) காட்டினாலே எச்சரிக்கை, 1 காட்டினால் அன்றே இன்னொரு தண்ணீர் மாற்று. இதில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. பாசி அழுகிய ராத்திரிக்குப் பிறகு பி.எச் இறங்கியிருக்கும், இறங்கிய பி.எச்சில் அம்மோனியாவின் வீரியம் குறைவு. லைட் போட்டு, காற்று ஓட்டி, பகலில் பி.எச் 8.2, 8.3 என்று ஏறும்போது அதே அளவு அம்மோனியா அதிக விஷமாகும். காலையில் தெம்பாக நீந்திய மீன் மத்தியானம் பக்கவாட்டில் சாய்வது இதனால்தான். காலை டெஸ்ட்டோடு நிம்மதி அடையாமல் மத்தியானம் இன்னொரு முறை பாருங்கள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால்?

பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். மீன்பிடிக்கிறவர்கள் உயிர் இரை வைத்துக்கொள்ள வாங்குவதே போதும். இன்வெர்ட்டர் இருந்தால் ஹீட்டர், லைட், சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு வேவ்மேக்கரை மட்டும் கொடுங்கள். எதுவுமே இல்லை என்றால் மக்கில் மொண்டு அரையடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. அலுப்பான வேலைதான், ஆனால் மீன் பிழைக்கும்.

என் கீட்டோ ஒரே நாளில் போகவில்லை. மாதக் கணக்கில் வெளுத்து, தூள் தூளாக உதிர்கிறது. ஏன்?

இது வேறு கதை. முக்கால்வாசி நேரம் பட்டினிதான்.

கீட்டோ வளர நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். நாமோ நல்ல ஸ்கிம்மர், பாஸ்பேட் உறிஞ்சி, குறைந்த தீனி என்று எல்லாப் பக்கமும் துடைத்து வைக்கிறோம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் என்று பெருமையாகச் சொல்லும் தொட்டியில் கீட்டோ சாவதில் ஆச்சரியம் இல்லை. நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் பாசிக்கும் பவளத்துக்கும் பொதுவாக ஒத்துப்போகும்.

ஒன்று மட்டும் தீர்ந்துபோவதும் உண்டு. அட்கின்சன், ஸ்மித் என்ற இருவர் 1983-ல் கடலடித் தாவரங்களை அலசி வெளியிட்ட கணக்குப்படி, அவற்றின் உடம்பில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்களின் விகிதம் நடுத்தரமாக 550:30:1. இதை நம் டெஸ்ட் கிட் மொழியில் மாற்றினால், 1 பங்கு பாஸ்பேட்டைப் பாசி எடுக்க ஏறக்குறைய 20 பங்கு நைட்ரேட் வேண்டும். ஆகவே பாஸ்பேட் 0.2 காட்டி, நைட்ரேட் பூஜ்யம் காட்டினால் பாசி அங்கேயே நின்றுவிடும். பாஸ்பேட் இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் உறிஞ்சி போடுவது தலைகீழ் வைத்தியம். மீனுக்குத் தீனியைக் கூட்டுங்கள், ஸ்கிம்மரைச் சில மணி நேரம் நிறுத்தி வையுங்கள். இரண்டு வாரத்தில் புது இழை கரும்பச்சையாக வந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பட்டினி இல்லையென்றால் உருண்டையைப் பிரித்துப் பாருங்கள். வெளியே பச்சை, உள்ளே மஞ்சள், நடுவில் சாம்பல் நிறச் சகதி என்றால் வெளிச்சமும் நீரோட்டமும் உள்ளே போகவில்லை. ஃபுட்பால் அளவு உருண்டையைத் தேங்காய் அளவாகக் குறையுங்கள். உருண்டை மெல்ல உருளும்படி தண்ணீர் ஓட வேண்டும். பிய்க்கும்போது தொட்டித் தண்ணீர் உள்ள வாளியில் முக்கி நாலு உதறு உதறுங்கள். அரிசிக் குருணை மாதிரி குட்டிக் கூனிகள் நூற்றுக்கணக்கில் விழும். பாசியை எறிந்தாலும் அவற்றை எறிய வேண்டாம், வாளித் தண்ணீரை வலையில் வடித்துத் திருப்பி விட்டுவிடுங்கள்.

கோடையில் தண்ணீர் 31 டிகிரி காட்டுகிறது. அதனால் சாகுமா?

31-ஐக் கடலில் தாங்கும் பாசிகள் உண்டு. தொட்டியில் அதே 31 ராத்திரி 27 ஆகி மறுநாள் மறுபடி 31 ஆகிறது, அதுதான் கேடு. கிராசிலேரியா போன்ற சிவப்புப் பாசிகள் முதலில் சொல்லிவிடும். கருஞ்சிவப்பு மங்கி, ஆரஞ்சாகி, கடைசியில் வெள்ளை. 24 முதல் 27 டிகிரிக்குள் நிறுத்த முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் ஏற்ற இறக்கமாவது ஒரு டிகிரிக்குள் இருக்கட்டும்.

தண்ணீர்ப் பரப்பின் மேல் ஃபேன் அடித்தால் 2, 3 டிகிரி இறங்கும். மாசி, பங்குனியில் நன்றாக வேலை செய்யும். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு பலன் தராது. ஓட்டு வீட்டில் தொட்டியை மேற்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவருக்கு மாற்றியே ஒரு டிகிரியை மிச்சம் பிடித்தவர்கள் உண்டு. சில்லர் வாங்க வசதியிருந்தால் வாங்குங்கள், ஆனால் ஃபேனுக்கு முன்னால் அதற்குப் போக வேண்டாம். சம்ப் லைட்டை ராத்திரியில் போட்டுப் பகலில் அணைப்பதும் உதவும். சூடு பிரியும், ராத்திரி பி.எச்சும் ரொம்ப இறங்காது.

ஃபேன் ஓடினால் தண்ணீர் வற்றும். அதைக் கடல்நீரால் நிரப்பலாமா?

கூடாது. வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கிறது. ஆர்.ஓ தண்ணீரால் தினமும் நிரப்புங்கள். கடல்நீரால் நிரப்பிக்கொண்டே போனால் சில வாரங்களில் உப்பு ஆயிரத்துக்கு 35-லிருந்து 40-க்கு ஏறிவிடும், பாசி சுருங்கிக் கருகும்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறது. முட்டத்திலிருந்தோ குளச்சலிலிருந்தோ தண்ணீர் எடுத்து வந்தால் என்ன?

எடுக்கலாம், காலம் பார்த்து எடுக்க வேண்டும். தை முதல் பங்குனி வரை கடல் தெளிந்து கிடக்கும், அப்போது எடுத்துச் சேமிக்கலாம். கள்ளக்கடல் (திடீரென்று கரையேறி அடிக்கும் பெரிய அலை) எச்சரிக்கை வந்த நாட்களில் வாளியோடு பாறைப் பக்கமே போகாதீர்கள், தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. ஆனி ஆடிச் சீற்றத்தில் அடிமண் கிளறி மேலே வரும், ஆறுகள் நன்னீரைக் கொண்டு வந்து கொட்டும். தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு, மணக்குடியில் பழையாறு. அந்தப் பொழிமுகங்களுக்கு அருகே எடுத்த தண்ணீரில் உப்பு 25-தான் இருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. காலர்ப்பாவை ஒரே ராத்திரியில் வெளுக்க வைக்க அது போதும். தென்மேற்குப் பருவத்தில் இந்தக் கரையில் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலேறி வருவதால் வெப்பமும் ஒத்துப்போகாது.

துறைமுகத்துக்குள் எடுக்க வேண்டாம், டீசல் படலம் இருக்கும். ஏற்றத்தின்போது, திறந்த கரையில், உணவுக்குப் பயன்படுத்தும் புது கேனில் எடுங்கள். வீட்டில் துணி வடிகட்டியில் வடித்து, மூடி, இருட்டில் ஒரு வாரம் பத்து நாள் வையுங்கள். உள்ளே இருக்கும் மிதவை உயிர்கள் செத்து அடியில் படியும், மேல் தண்ணீரை மட்டும் எடுத்து, காற்று ஓட்டி, உப்பைச் சரிபார்த்துப் பயன்படுத்துங்கள். உப்பை ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு குமிழி ஒட்டினாலே கணக்கு தப்பிவிடும்.

தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் மணலையும் அள்ளி வருகிறவர்கள் உண்டு. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணலைத் தொட்டியில் போடவே வேண்டாம். இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்த மணல் அது. மோனசைட்டில் கதிரியக்கம் உள்ள தோரியம் இருக்கிறது. இல்மனைட் பம்ப்பில் உள்ள காந்தத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்ததென்று மருந்து போட்டேன். பாசி போய்விட்டது.

மருந்தில் செம்பு இருந்திருக்கும். செம்பு வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணியைக் கொல்லும், பாசியையும் நத்தையையும் இறாலையும் சேர்த்தே கொல்லும். மீனை வேறு தொட்டியில் போட்டுத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். பிரையோப்சிஸ் என்ற தொல்லைப் பாசியை ஒழிக்க ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து போடுகிறவர்களும் கவனியுங்கள், காலர்ப்பாவும் அதில் அடிபடும்.

கெட்டதை வெட்டிவிட்டு நல்லதை வைத்துக்கொள்ளலாமா?

கீட்டோவில் தாராளமாக. அது செல் செல்லாக இழையோடியது. பச்சையாக, உறுதியாக, கிள்ளினால் நொறுங்காமல் இருக்கும் பகுதி பிழைக்கும். கிராசிலேரியாவிலும் அப்படியே. காலர்ப்பாவில் யோசியுங்கள். வெட்டிய இடத்தில் சாறு கசியும், அதனால் கத்தரிக்காமல் கொடியை முழுசாக இழுத்து எடுப்பது நல்லது. திட்டுத் திட்டாகிவிட்ட கொடியில் நல்ல பகுதி என்று ஒன்று இல்லை. கூடவே, கடையிலிருந்து வந்து முதல் வாரத்தில் கொஞ்சம் உதிர்ந்தால் கலங்க வேண்டாம். கடைத் தண்ணீருக்கும் உங்கள் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தில் பழைய இழை போய்ப் புது இழை வரும்.

இரும்புச் சத்து, அயோடின், பாட்டில் பாக்டீரியா?

செத்துக்கொண்டிருக்கும்போது எதுவும் வேண்டாம். வழக்கமாகத் தண்ணீர் மாற்றும் தொட்டிக்கு இவை பெரும்பாலும் தேவையும் படாது.

செத்த பாசிக்குப் பதில் பாறையில் இருக்கிற பாசியைப் பிடுங்கி வரலாமா?

கன்னியாகுமரி, முட்டம் பாறைகளில் உல்வா, கிராசிலேரியா எல்லாம் கண்ணுக்கு நேராகத்தான் இருக்கின்றன. கட்டக்கோரை என்று ராமநாதபுரம் பக்கம் சொல்லும் சர்காசம் தொட்டியில் நிற்பதே அபூர்வம். அலை அடிக்கிற இடத்துப் பாசி அது, கொண்டுவந்தால் அழுகி மறுபடி முதல் கேள்விக்கே வருவீர்கள். எதைக் கொண்டுவந்தாலும் நண்டுக்குஞ்சு, புழு, முட்டை கூடவே வரும், தனி வாளியில் சில வாரம் வைத்துப் பாருங்கள். பாசியோடு சேர்த்துப் பவளக் கல்லைப் பெயர்க்கலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளங்கள் 2001-லிருந்து முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா எல்லைக்குள் எதையும் எடுக்க முடியாது.

எடுத்த பாசியை எங்கே கொட்ட? வீட்டுக்குப் பின்னால் காயல் இருக்கிறது.

காயலிலும் வேண்டாம், கடலிலும் வேண்டாம், வாய்க்காலிலும் வேண்டாம். செத்தது என்று நீங்கள் நினைக்கும் குவியலில் விரல் நீளம் உயிரோடு இருந்தால் போதும். 1984-ல் மொனாக்கோவின் கடல் அருங்காட்சியகத்துக்கு அருகே சின்னத் திட்டாகக் கண்ட காலர்ப்பா டாக்சிஃபோலியா மத்தியதரைக் கடலோரத்தில் பல நாடுகளுக்குப் பரவியது. 2000-ல் கலிபோர்னியாவில் ஒரு காயலில் அதே பாசி தலைகாட்டியதும், தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் விட்டு, 2006 வரை போராடித்தான் ஒழித்தார்கள். நம் பக்கத்திலும் பயிருக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்தது 2008-ல் பதிவானது.

நல்ல தண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் மொறுமொறுவென்று காயவிட்டு, தென்னை மூட்டில் போடுங்கள். கன்று நடும் குழியிலேயே உப்புப் போடுகிற ஊர் இது, தென்னைக்கு இந்த உப்பு ஒன்றும் செய்யாது. வாழை, காய்கறிப் பாத்திக்கு வேண்டாம்.

எல்லாம் எடுத்தாயிற்று. மறுபடி எப்போது பாசி வைக்கலாம்?

அம்மோனியா சில நாளில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆனால் அழுகியதெல்லாம் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரில்தான் இருக்கும். அடுத்த சில வாரங்களில் கண்ணாடியில் பழுப்புப் படலம், மணலில் சிவப்பு வழுவழுப்பு என்று வரும். மருந்து தேட வேண்டாம். படலத்தை உறிஞ்சி எடுத்து, வாரம் 10 முதல் 15 சதவீதம் தண்ணீர் மாற்றிக்கொண்டிருங்கள்.

உண்மையில் புதுப் பாசியை வைக்க நல்ல நேரமே இதுதான், தண்ணீரில் சத்து இருக்கிறதே. அம்மோனியா இரண்டு நாள் தொடர்ந்து பூஜ்யம் காட்டினால் கைப்பிடி கீட்டோவோடு தொடங்குங்கள். காலர்ப்பா அழகுதான், மறுக்கவில்லை. வாரா வாரம் பறிக்க நேரம் இருக்கிறவர்களும் கரண்ட் போனாலும் லைட் எரியும் வீட்டுக்காரர்களும் வைத்துக்கொள்ளட்டும். வெளியூர் வேலை, வாரக் கடைசியில் மட்டும் வீடு என்றால் கீட்டோவே போதும். ஊருக்குப் போகும்போது தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம், வெள்ளையாகத் தெரிந்தால் போன் செய்யச் சொல்லாதீர்கள். வெள்ளையாகத் தெரிந்தால் உறிஞ்சி வாளியில் விட்டுவிட்டு, அப்புறம் போன் செய்யச் சொல்லுங்கள்.